சிவப்பு மீனுக்குக் காவல்

கரண்ட் போனால் அந்தக் கம்பெனியில் முதலில் தெரிவது மீன் தொட்டியில்தான். குமிழ் விட்டுக்கொண்டிருந்த சின்ன மோட்டார் ஒரு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். அதற்கப்புறம்தான் ஷெட்டுக்குள் லேத்துகள் ஒவ்வொன்றாகச் சுற்றி ஓயும்.

வாட்ச்மேன் அப்பாவு கேட்டைச் சாத்திவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்தான். செருப்பை வாசலில் விட்டான். மேனேஜரின் மேஜைக்குப் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு இருந்த கண்ணாடித் தொட்டியின் மூடியை எடுத்து வைத்தான். அலுமினியச் சொம்பால் தண்ணீரை மொண்டு, கையை உயர்த்தி, மெல்ல ஊற்றினான். மறுபடி மொண்டான். ஊற்றுகிற வேகத்தில் குமிழ் கிளம்ப வேண்டும், அதில்தான் மீனுக்கு உயிர் என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தார். கரண்ட் திரும்பி வருகிறவரை நிறுத்தக் கூடாது. எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த வருஷம் மெஷின்கள் ஓடிய நேரத்தைவிட ஓய்ந்து கிடந்த நேரம்தான் அதிகம்.

வேலையில்லாமல் வெளியே வந்த லேத் பால்ராஜ் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்தே, எங்க மூச்சு நின்னுட்டாக்கூட இப்டி வந்து ஊத்துவியா?"

அப்பாவு சிரித்தான். கையை நிறுத்தவில்லை. தோள்பட்டை கடுத்தால் சொம்பை இடது கைக்கு மாற்றிக்கொள்வான்.

தொட்டியில் இருந்தவை இரண்டே மீன்கள். தொடக்கத்தில் நிறைய இருந்தன. மூர் மார்க்கெட்டில் வாங்கிவந்த சின்னச் சின்னக் கலர் மீன்கள், பார்க்க அழகாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மேனேஜரின் சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது, காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் இந்த இரண்டையும் கொண்டுவந்து கொடுத்தார். வந்தபோது இவையும் விரல் நீளம்தான். மற்றவற்றையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்ததும், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பை இறக்க வேண்டியதாயிற்று. இப்போது ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிட அகலம். குங்குமத்தைக் கரைத்து ஊற்றின மாதிரி சிவப்பு. நெற்றி மட்டும் புடைத்துக்கொண்டு நிற்கும். அவற்றின் பெயரை மேனேஜர் சொல்லியிருக்கிறார், அப்பாவுவின் வாயில் அது நுழையவில்லை. சிங்கப்பூரான்கள் என்று தனக்குள் வைத்துக்கொண்டான்.

அவன் அறைக்குள் வந்தாலே இரண்டும் கண்ணாடியருகே வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். தீனிக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அவன் வந்தான் என்பதற்காக நகர்ந்து வருகிற உயிர் அந்த ஊரில் வேறு எதுவும் இல்லை. ராஜம்மா செத்து நாலு வருஷமாயிற்று, பிள்ளை இல்லை. கள்ளிக்குப்பத்தில் அவனுடைய ஓட்டு வீட்டில் விளக்கேற்றினால் அவனுடைய நிழல் ஒன்றுதான் அசையும். அதனால் ராத்திரி டியூட்டியையும் பல நாள் அவனே கேட்டு வாங்கிக்கொள்வான்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்துக்குத் தாயம்மா கூடையோடு வந்து கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்காருவாள். அப்பாவுவின் பக்கத்து வீடு. அங்கே உட்கார அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தது அவன்தான். வேறு கம்பெனி வாட்ச்மேன்கள் கேட்டருகே யாரையும் உட்கார விட மாட்டார்கள். கள்ளிக்குப்பம் அம்மன் குளத்தில் காலையில் பிடித்த மீனைத்தான் கொண்டுவருவாள். குரவை, கெளுத்தி, கெண்டைப் பொடி. ஐப்பசி, கார்த்திகையில் விரால். வலையோ தூண்டிலோ அவளுக்குக் கிடையாது. இடுப்பில் மீன் போடுகிற ஓலைப் பறியைக் கட்டிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றையும் கோரை வேரையும் கையால் தடவித் தடவிப் பிடிக்கிறவள். அவளுடைய அம்மா அப்படித்தான் பிடித்தாள். புருஷன் லாரியோடு போனவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாமல் போன பிறகு, அவளுடைய சோற்றுக்கு அந்தக் குளம்தான் வழி. விற்றது போக மிஞ்சினதில் குழம்பு வைத்தால், ஒரு கிண்ணம் அப்பாவு வீட்டு வாசல்படியில் இருக்கும். கிண்ணத்தைக் கழுவி அவளுடைய வாசலில் கவிழ்த்துவிடுவான். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

தை மாதத்தில் கம்பெனி கதவை இழுத்துச் சாத்தினார்கள். கரண்ட் இல்லை, ஆர்டர் இல்லை, முதலாளிக்கு இஷ்டமில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சைக்கிள் டைனமோ செய்துகொண்டிருந்த அத்தனை பேரும் டிபன் கேரியரோடு வீட்டுக்குப் போனார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றி முடிகிறவரை அப்பாவுவை வைத்திருந்தார்கள். கடைசி நாள் மேனேஜர் ஒரு டெம்போவோடு வந்து மேஜை, நாற்காலி, மின்விசிறி எல்லாவற்றையும் ஏற்றச் சொன்னார். தொட்டியைக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், வெறும் தொட்டியாக. அங்கே பிள்ளைகளுக்கு வேறு மீன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

"இதுங்கள என்ன பண்றது சார்?" என்று அப்பாவு கேட்டான்.

"கால்வாயில கொட்டிடுப்பா," என்றார் அவர், டிராயரிலிருந்து காகிதங்களை எடுத்துக்கொண்டே.

எஸ்டேட் கால்வாயில் ஓடுவது தண்ணீர் இல்லை. முலாம் பூசுகிற பட்டறைகளின் பச்சைத் தண்ணீரும் கிரீஸும்தான். அதில் தவளைகூடக் கிடையாது. அப்பாவு பெயின்ட் பக்கெட் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, தொட்டித் தண்ணீரையே அதில் நிரப்பி, இரண்டையும் அள்ளிப் போட்டான். தடுப்பில்லாத இடத்தில் அடித்துக்கொண்டு சாகும் என்று பயந்தான். அவை பக்கெட்டின் அடியில் பக்கம் பக்கமாக ஒண்டிக்கொண்டு அசையாமல் நின்றன. ஈரத் துணியால் மூடிக்கொண்டு எஸ்டேட்டிலிருந்து கள்ளிக்குப்பம் வரை நடந்தே வந்தான். பஸ்ஸில் ஏறினால் தண்ணீர் சிந்தும். வழியில் இரண்டு இடத்தில் நின்று கையால் அளைந்து குமிழ் கிளப்பினான். வேலை போன அன்றைக்கு அவனுக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது, அது ஆறுதலாகத்தான் இருந்தது.

குளத்தில் தாயம்மா கழுத்தளவு தண்ணீரில் இருந்தாள். அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்து பக்கெட்டைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டுப் படியருகே வந்தாள்.

"இது இன்னா மீனு, இம்மாஞ் செவப்பா? கொழம்புக்கு ஆவுமா?"

"கம்பெனி மீனு. இத்த மட்டும் புடிச்சிராத தாயம்மா."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கம்பெனி மூடியது அவளுக்கும் தெரியும். இனி அவளுக்கும் வேப்பமரத்தடி கிடையாது.

"உன் மீன நான் ஏன் தொடப்போறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அப்பாவு காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு எஸ்டேட்டில் கேட் கேட்டாகப் போய் நின்றான். பக்கத்து ஊரான பாடி வரைக்கும் போய்ப் பார்த்தான். எந்தக் கேட்டிலும் அவனைவிட இளைய வாட்ச்மேன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நிற்கிற கும்பலிலும் அவனைவிட இளையவர்கள்தான் அதிகம். சாயங்காலம் திரும்பி வந்து குளத்தின் கீழ்ப்படியில் உட்காருவான். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் கொஞ்சம் பொரி கொண்டுவருவான். மூடியைத் திறந்து விரலால் தட்டினால், பாசிக்கு நடுவிலிருந்து இரண்டு சிவப்புத் திட்டு மேலே வரும். படிக்கு ஒட்டி வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இங்கேயும் வந்துவிட்டீர்களா என்று ஒவ்வொரு நாளும் கேட்பான். நாளாக ஆக டப்பா சத்தம்கூட வேண்டியிருக்கவில்லை. படியில் யார் காலை வைத்தாலும் வந்து நின்றன.

சித்திரையில் தாயம்மா வலது கை விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். குளத்தின் மேற்கு மூலையில் கல்லுக்கடியில் தடவும்போது சிங்கப்பூரான் கடித்துவிட்டதாம். ஒரு கூட்டம் குஞ்சு வைத்துக்கொண்டு இரண்டும் காவல் நிற்கின்றனவாம், கிட்டே யாரையும் விடுவதில்லையாம். குஞ்செல்லாம் சிவப்பு இல்லை, கறுப்பாகப் புழு மாதிரி நெளிகின்றன என்றாள். அப்பாவுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. காட்டிக்கொள்ளாமல் விரல் வலிக்கிறதா என்று கேட்டான்.

கெண்டைப் பொடி இந்த வருஷம் சுத்தமாக இல்லை என்று அவள் வைகாசியில் சொன்னாள். ஆனியில் கெளுத்தியும் குறைந்துவிட்டது. மழை இல்லாத வருஷம், அதனால்தான் என்று அவன் சொன்னான். அவளும் அப்படித்தான் இருக்கும் என்றாள். வாசல்படியில் கிண்ணம் வருவது எப்போதாவது என்று ஆயிற்று.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், கரகம் ஜோடிக்கத் தண்ணீர் எடுக்க எல்லாரும் பம்பை உடுக்கையோடு குளத்துக்கு வந்தார்கள். பூசாரி கன்னியப்பன் கீழ்ப்படியில் இறங்கிச் செம்பைத் தண்ணீரில் முக்கினான். படியில் கால் பட்டதும் வருகிற வழக்கப்படி சிங்கப்பூரான்கள் இரண்டும் வந்தன. நெற்றி புடைத்து, வெயிலில் ரத்தச் சிவப்பாக, பூசாரியின் செம்புக்கு இரண்டு பக்கமும் நின்று அவனைப் பார்த்து வாயைத் திறந்தன. அவன் செம்பை எடுத்தான். அவை போகவில்லை.

பம்பை நின்றுவிட்டது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் அடித்தார்கள். பூசாரியின் அக்கா முத்தம்மாள் தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஆட ஆரம்பித்தாள். வருஷா வருஷம் அவளுக்கு வருகிற சாமிதான், இந்த வருஷம் மூன்று பேர் பிடித்தும் அடங்கவில்லை.

"என் கொளத்துல நான் வந்து குந்திக்கினேன்டா. எவளும் இங்க கால வெக்காத. என் புள்ளைங்கள எவளும் புடிக்காத."

கும்பலில் கூழ்ப் பானையோடு நின்றிருந்த தாயம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி சொன்னது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் குளத்தில் இறங்குகிறவள் அவள் ஒருத்திதான். உறைத்ததும் திரும்பி அப்பாவுவைத் தேடினாள். அவன் அரச மரத்துக்குப் பின்னால் பிஸ்கட் டப்பாவை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

செங்கல்வராயன் ஊர்ப் பெரியவர், கோயில் தர்மகர்த்தா. குளத்துக்கு வடக்கே இருந்த அவருடைய புஞ்சையைப் பிளாட் போட்டு இரண்டு வருஷமாக விற்க முடியாமல் வைத்திருந்தார். அவருக்கு இது நல்ல சகுனமாகப் பட்டது. ஒரே வாரத்தில் குளத்தைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். படித்துறைக்கு ஒரு கதவு வைத்து உண்டியல் நட்டார்கள். குளத்தில் இறங்கவோ மீன் பிடிக்கவோ கூடாது என்று மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்தில் எழுதினார்கள். புஞ்சைக்கு அம்மன் நகர் என்று பெயர் வந்தது. வில்லிவாக்கம், பெரம்பூர் பக்கமிருந்து பிளாட் பார்க்க வருகிறவர்கள் முதலில் மீனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் பிறகு இடத்தைப் பார்த்தார்கள். வெளியே பொரிப் பொட்டலம் விற்கிற கடைகூட வந்துவிட்டது.

தாயம்மா முதலில் பூசாரி வீட்டுக்குப் போனாள். ஒவ்வொரு ஆடிக்கும் குளத்தின் முதல் மீனை அந்த வீட்டுக்குத்தான் கொடுப்பாள், அவளுடைய அம்மா காலத்திலிருந்து வழக்கம். இத்தனை வருஷம் நீங்கள் தின்றதும் இந்தக் குளத்து மீன்தானே என்று கேட்டாளாம். அப்போது ஆத்தா வரவில்லை, இப்போது வந்துவிட்டாள் என்றானாம் கன்னியப்பன். பிறகு ஏரிப் பக்கம் போனாள். அங்கே மீன் குத்தகை எடுத்தவனின் ஆட்கள் பறியைப் பிடுங்கிக் காலால் மிதித்தார்கள். அதைப் பிரித்துத் திரும்ப முடைந்துகொண்டு, வீடு கட்டுகிற இடங்களில் செங்கல் சுமக்கப் போனாள். வருஷக் கணக்காகத் தண்ணீரில் நின்ற கால் அவளுடையது. மூன்றாம் நாளே பாதம் வெடித்து நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அவனுடைய வாசலுக்கு வந்து நின்றாள். கையில் கிண்ணம் இல்லை.

"அண்ணாத்தே, அது சாமியில்லன்னு தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு. நான் சொன்னா மீனு திங்கறதுக்கு சொல்றான்னுவாங்க. நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அப்பாவு சொல்கிறேன் என்றான். சொல்லாமலே நாட்களைக் கடத்தினான். ஊரே கும்பிடுகிறதைப் பெயின்ட் பக்கெட்டில் கொண்டுவந்தேன் என்றால் அடிப்பார்களோ என்ற பயம் ஒன்று. இன்னொன்றும் இருந்தது. மீன்களைப் பிடித்து வெளியே போடச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. இருந்தும் தினம் சாயங்காலம் கம்பிக்கு வெளியே நின்று குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

புரட்டாசியில் ஒருநாள், தாயம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு நடப்பதைப் பார்த்துவிட்டு, நேராகச் செங்கல்வராயன் வீட்டுக்குப் போனான். பூசாரியும் அங்கே இருந்தான். அப்பாவு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சிங்கப்பூர், பிளாஸ்டிக் பை, தொட்டி, மேனேஜர் கால்வாயில் கொட்டச் சொன்னது, பக்கெட், பொரி போட்டுப் படிக்கு வரப் பழக்கினது, ஒன்றையும் விடவில்லை. அது தாயம்மாவின் வயிற்றுப்பாடு, அவளை மட்டுமாவது இறங்க விட வேண்டும் என்றும் சொன்னான். என்ன வந்தாலும் வரட்டும் என்று நின்றான்.

செங்கல்வராயன் வெற்றிலையை மடித்தபடி பூசாரியைப் பார்த்தார். பூசாரியின் கண் கலங்கியிருந்தது. அவன் எழுந்து வந்து அப்பாவுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"கடல் தாண்டி வந்துகீறா பாரு ஆத்தா. சாக்கடையில கொட்டச் சொன்னவனுக்குத் தெரியல. உன் கைக்குத் தெரிஞ்சிருக்குது. நீ எடுத்தாரல நைனா, அவ உன்ன எடுத்தார வெச்சா."

அப்பாவு இல்லை என்று தலையாட்டினான். அப்படித்தான் தன்னடக்கமாக இருக்க வேண்டும் என்று செங்கல்வராயன் சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் அவனுக்கு மாலை போட்டு, தலையில் பரிவட்டம் கட்டி, சிங்கப்பூரிலிருந்து அம்மன் வந்த கதையை மைக்கில் சொன்னார்கள். சிங்கப்பூர் என்ற பேரும் சேர்ந்துகொண்டதில் கும்பல் இன்னும் அதிகமாக வந்தது. தாயம்மாவைப் பற்றி அவன் கேட்டது யாருடைய காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் மறுபடி கேட்டபோது, ஒருத்திக்கு விட்டால் ஊருக்கே விட வேண்டும் என்றார் செங்கல்வராயன். பிறகு தோளில் கையைப் போட்டார்.

"உனக்குப் பழக்கமான வேலதானே. கம்பெனி கேட்டுக்குப் பதிலா கொளத்துக் கேட்டு. நீயே பாத்துக்க. மாசா மாசம் குடுத்துடறேன்."

வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் போகாத தொண்டை அது. எட்டு மாதமாகக் கேட் கேட்டாக நின்று கேட்டுக் கிடைக்காதது, கேட்காத இடத்தில் கிடைத்தது. அப்பாவு சரிங்க என்றான். கம்பெனிக் காக்கிச் சட்டையையே துவைத்துப் போட்டுக்கொண்டான். ஒரு தடியும் விசிலும் கொடுத்தார்கள். மீனுக்குப் போடக் கோயில் செலவில் ஒரு பெரிய தகர டப்பா நிறையப் பொரியும் கொடுத்தார்கள்.

வேலை கிடைத்த செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லக்கூடிய ஒரே ஆள் பக்கத்து வீட்டில் இருந்தாள். அவளிடம் அவன் எப்படிச் சொல்லுவான். அவளே தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவன் வாசலில் இருக்கும்போது அவள் வெளியே வருவதில்லை. மாதச் சம்பளத்தில் அரிசி வாங்கி அவளுடைய வாசலில் கொண்டுபோய் வைத்தான். மறுநாள் அது அப்படியே அவனுடைய படியில் இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் காலை, செங்கல்வராயன் காரில் வந்தவர்களுக்குப் பிளாட் காட்டிக்கொண்டிருந்தபோது, தாயம்மா பின்பக்கம் கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைவதை அப்பாவு பார்த்தான். செங்கல்வராயனும் பார்த்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பாவு விசிலை ஊதினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். முந்தானை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. பறியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனாள். அன்று முழுக்க விசிலைக் கழுத்தில் போட்டிருக்கவே அவனுக்குக் கூசியது.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் ஓயாமல் கொட்டி, மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் தூறலாகக் குறைந்தது. குளம் மேல்படி வரை ஏறியிருந்தது. பிளாட்டெல்லாம் தண்ணீர் நின்றதால் பார்க்க வருகிறவர்கள் யாருமில்லை. பொரிக் கடைக்குக் கோணி போர்த்தியிருந்தது. பூசாரி நடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தான். அப்பாவு தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு படித்துறைக் கதவருகே உட்கார்ந்திருந்தான்.

தாயம்மா இந்தத் தடவை கம்பிப் பக்கம் போகவில்லை. கதவுக்கே வந்தாள். இடுப்பில் பறி. ஆடிக்கு இருந்ததில் பாதிதான் இருந்தாள்.

"விராலு பொரிக்கற நாளு. தாயும் புள்ளையுமா மேல வந்து மேயும். நேத்து சோறு ஆக்கல. ஊதறதா இருந்தா ஊது அண்ணாத்தே."

அப்பாவு கதவுக் கொக்கியை எடுத்துவிட்டான். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றித் தரையில் வைத்தான். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றான்.

அவள் தண்ணீரில் இறங்குகிற சத்தம் கேட்டது. பழைய நாட்களில் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து, பறியில் மீன் விழுந்து துள்ளுகிற சத்தமும் கேட்கும். அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். தூறல் விழுகிற சத்தம்தான் கேட்டது. மேற்கு மூலைக்குப் போனாள், கோரைப் பக்கம் வந்தாள், அரச மரத்து வேரடியில் மூழ்கி எழுந்தாள். வெகு நேரமாயிற்று. கடைசியில் பறியில் ஏதோ விழுந்தது. பிறகு இன்னொன்று. அப்பாவுவுக்குப் போன மூச்சு வந்தது.

அவள் படிக்கு வந்ததும் திரும்பினான். உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தாள். பறியைக் கல்லின்மேல் சாய்த்தாள். நாலைந்து மீன்கள் விழுந்தன. விரால் இல்லை, குரவை இல்லை, ஒரு கெளுத்திகூட இல்லை. விரல் நீளத்தைத் தாண்டின சிங்கப்பூரான் குஞ்சுகள். சித்திரையில் கறுப்பாக இருந்தவை இப்போது நிறம் மாற ஆரம்பித்திருந்தன. ஒன்றுக்கு முதுகில் சிவப்பு, ஒன்றுக்கு வாயோரம் சிவப்பு.

"கொளம் பூரா இதுங்கதான். விராலு இல்ல, விராலு குஞ்சு இல்ல. தவளைகூட இல்ல."

மழை இல்லாததால்தான் என்று அவனால் இப்போது சொல்ல முடியாது.

"கறுப்பாவே இருந்திருந்தா ஜிலேபி மீனுன்னு பாடியில வித்துட்டு வந்திருப்பேன். இந்தச் செவப்ப எங்க கொண்டுபோயி காட்டுவேன்? உசுரோட உடுவானுங்களா?"

அவள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டாள். கடைசி மீனையும் விட்டபின் கையை அலசிக்கொண்டு, குனிந்தபடியே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பக்கெட்டில் அவன் கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்தவள் அவள். அப்பாவுவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அவள் உடனே போகவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்தாள். கதவருகே இருந்த தகர டப்பாவைப் பார்த்தாள்.

"அதுல ஒரு பிடி குடு அண்ணாத்தே."

அவன் டப்பாவையே தூக்கிவந்தான். மூடியைத் திறந்த சத்தம் கேட்டதும், குளத்தின் நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீரில் கோடு விழுந்தது. பெரியவை இரண்டும் முன்னால், குஞ்சுகள் கூட்டமாகப் பின்னால். அவன் அவளுடைய முந்தானையில் இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டான். போதும் என்று அவள் சொல்லவில்லை.

அவள் சாப்பிட ஆரம்பித்தாள். காலடியில் தண்ணீருக்கு மேலே அத்தனை வாய்களும் திறந்து திறந்து மூடின. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே மென்றாள், ஒரு பொரிகூடப் போடவில்லை. அப்பாவு தடியை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினான். மீனுக்கு வைத்த பொரியை அவள் தின்பதை யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று, அவள் தின்று முடிக்கிறவரை ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக் காவல் நின்றான்.